திரைச்சீலையின் கீழ்க்கை

என்ர ஆசை மச்சாளுக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் உங்களோடு கதைக்க எனக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டு கதைத்தால் சண்டைதான் வரும், அது எங்கட பழக்கம். சாமி அறையில் கதைத்தால் நான் அம்மாளிடம் கேட்கிறேனா உங்களிடம் கேட்கிறேனா என்று எனக்கே குழம்பிப் போகுது. அதுதான் எழுதுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லி வைக்கிறேன், நீங்கள் பொறுங்கோ. நீங்கள் என்ர மனிசனின் அக்கா. உங்கட மனிசனை இழந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தீர்கள். துறைமுகத்துக்குப் போகிற தெருவில், கப்பல் ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிருகிற இந்த வீட்டில், அம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை தைக்கிற இரண்டு பெண்களாய் இருந்தோம். இப்ப ஒருத்தி இருக்கிறேன்.

எங்களுக்கு இந்த வேலையை ஒருவரும் பழக்கவில்லை. வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போய்க் குத்துவிளக்கு மினுக்குகிறவள் நான், அவ்வளவுதான். ஒரு பூசையில் கற்பூரத் தட்டு சரிந்து, மூலஸ்தானத் திரையின் நடுவில் ஓட்டை விழுந்தது. திரையை இழுத்து மூடினாலும் அந்த ஓட்டைக்குள்ளால் அம்மாள் தெரிந்தா. அலங்காரம் முடியும் வரைக்கும் பார்க்கக் கூடாதல்லவா? சனம் கண்ணை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "தாங்கோ, நான் தைச்சுக் கொண்டு வாறன்" என்று வாய் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிறகுதான் விளங்கியது. வெல்வெட்டு, அதுக்குக் கீழே தடித்த அடித்துணி. ஓட்டையோ நட்ட நடுவில். மேலே இருந்து ஊசியைக் குத்தலாம், கீழே போன ஊசியை வாங்கித் திருப்பிக் குத்தக் கை எட்டவில்லை. நான் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் குசினி வாசலில் நின்று பார்த்தீர்கள்.

"என்னடி பூரணி, பாய்க்கப்பல் கட்டுறியோ?" பூரணத்தைப் பூரணி ஆக்கினது நீங்கள் மட்டும்தான்.

"பகிடி விடாதேங்கோ மச்சாள். கை எட்டுதில்லை."

"தள்ளு அங்கால."

ஈரக் கையைச் சேலையில் துடைத்தீர்கள். பாயை விரித்தீர்கள். சட்டத்துக்குக் கீழே அப்படியே சறுக்கிப் போய் மல்லாந்து படுத்தீர்கள். "நீ மேல இருந்து குத்து. நான் கீழ இருந்து திருப்பிக் குத்துறன்" என்றீர்கள். அந்த ஓட்டை ஒரு தாமரைப்பூவாய் மூடுபட்டது. கோயிலில் கண்டவர்கள், "இது ஆர் தைச்சது?" என்று கேட்டார்கள். பிறகு புதுத் திரையே தைக்கச் சொன்னார்கள். மேல்கை நான், கீழ்க்கை நீங்கள் என்று ஆகிப்போச்சு.

முதல் திரையின் கிளியை நினைக்கிறீர்களா? நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் தாமரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிளி. வெல்வெட்டில் போட்ட சோக்குக் கோடு என்ர முழங்கையில் பட்டு அழிந்துவிட்டது. கிளி வலப்பக்கம் பார்க்க வேணும் என்று நான் மேலே இருந்து சொல்ல, நீங்கள் கெட்டிக்காரத்தனமாய்க் கீழே அடித்துணியில் பென்சிலால் அப்படியே கீறி, "என்ர கோட்டைப் பிடிச்சுத் தைப்பம்" என்றீர்கள். செட்டையின் இறகு முழுக்கத் தைத்த பிறகு எழும்பி நின்று பார்த்தால், ஒரு கிளி தாமரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகுது! கீழே இருந்து கீறினால் மேலே மாறித்தானே வரும்? இரண்டு பேரின் மூளைக்கும் அது ஓடவில்லை.

"விடு பூரணி, அது உன்னைப் போல. கோவிச்சுக்கொண்டு குசினிக்குப் போகுது" என்று நீங்கள் சொன்னதற்கு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு இரண்டு பேருமாய் இருந்து அந்தத் தையலைப் பிரித்தோம். அன்றைக்குப் பிறகு எங்கட வேலையில் இடது வலது என்ற கதையே இல்லை. "கடல் பக்கம் ஒரு நூல் தள்ளுங்கோ", "குசினிப் பக்கம் கொஞ்சம் வாங்கோ" என்றுதான் சொல்லுவேன். நீங்களும் பிழைக்காமல் தள்ளுவீர்கள்.

மச்சாள், முகத்துக்கு முகம் பார்த்து நாங்கள் என்னத்தைக் கதைத்தோம்? சம்பலுக்கு உப்புக் கூட. சோறு குழைஞ்சு போச்சு. கோயில் நூலில் மிஞ்சின கட்டையைக்கூட நான் எழுதி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறதைக் கண்டால், "அம்மாள் உன்னட்டப் பற்றுச்சீட்டுக் கேட்டவவோ?" என்று கொழுவுவீர்கள். ஆனால் நடுவில் ஒரு சீலை வந்துவிட்டால் நீங்கள் வேறு ஆள். கீழே இருந்து ஊசியோடு கதையும் வரும். உங்கட குரல் வெல்வெட்டுக்குள்ளால் வருகிறபோது கொஞ்சம் தடிப்பாய், ஆரோ பக்கத்து அறையில் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும்.

அப்படித்தான் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்துக் கதையைச் சொன்னீர்கள். இடம்பெயர்ந்து போய், உங்கட மனிசனும் நீங்களும் அந்த மண்டபத்தில் இருந்த காலம். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையைக் கட்டித்தான் மறைப்பு. உங்கட மறைப்பில் ஒரு ஓட்டை. மனிசன் காய்ச்சல் வருத்தத்தில் படுத்திருக்கிறார், உடம்பு துடைத்துவிட வேணும், அங்கால ஆக்கள். அவர் உடுத்துக் கிழிந்த சாரம் ஒன்றில் வட்டமாய் வெட்டி ஓட்டைக்கு மேலே வைத்துத் தைத்தீர்கள். வட்டம் சும்மா இருக்க ஒரு மாதிரியாய் இருந்ததாம். சுற்றிவர இதழ் வைத்தீர்களாம்.

"பூ தைக்க வேணுமெண்டு இருக்கேல்லைப் பூரணி. ஓட்டையைத்தான் அடைச்சனான். பூ வந்திட்டுது" என்றீர்கள்.

அதைப் பார்த்து அடுத்த குடும்பமும் ஒன்று வைக்கச் சொன்னது. பிறகு அதற்கு அடுத்தது. ஓட்டை இல்லாத சேலைக்காரரும் கேட்டார்களாம். ஊருக்குத் திரும்புகிற நாளில் அவரவர் தங்கட சேலையைக் கழற்றி மடித்துக்கொண்டு போக, மண்டபம் வெறும் மண்டபமாய்க் கிடந்ததாம். "என்ர பூவெல்லாம் இப்ப ஆர் ஆரின்ர வீட்டிலயோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஊசி மேலே வரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேணுமோ?

நீங்கள் போன நாளிலும் சட்டத்தில் திரை இருந்தது. இந்த முறைத் திருவிழாவுக்கு என்று கோயில் கேட்டது. ஒரு கிளி முடிந்து, தாமரை முடிந்து, மற்றக் கிளியின் வால் மட்டும் பாக்கி. "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்குது" என்று வெளியே வந்து கதிரையில் இருந்தீர்கள். பிளேன்ரீ கேட்டீர்கள். ஊற்றிக்கொண்டு வரும்போது தலை சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்ததும் எனக்கு முழுதாய் ஞாபகம் இல்லை. உங்களைக் கிடத்துவதற்காகச் சட்டத்தைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தபோது, அடித்துணியில் ஊசி ஒன்று நூலோடு தொங்கியது மட்டும் ஞாபகம் இருக்குது. நான் குத்திவிட்ட ஊசி. நீங்கள் இன்னும் திருப்பிக் குத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, உடுப்பு படுக்கை எல்லாம் தோய்த்துச் செத்த வீட்டுத் துடக்குக் கழித்தோம். பிறகு கோயிலுக்குப் போனேன். ஐயர் ஆறுதலாய்த்தான் கதைத்தார். திரையைப் பற்றி நானே கேட்டேன்.

"செத்த வீட்டில அதே அறைக்குள்ள இருந்த துணி ஐயா."

"வீட்டுத் துணியெல்லாம் தோய்ச்சனீங்களோ?"

"ஓம் ஐயா. இதைத் தவிர."

"அப்ப இதையும் தோயுங்கோ அம்மா. பட்டெண்டாலும் வெல்வெட்டெண்டாலும் துடக்கு துடக்குத்தான்."

"சாயம் கரைஞ்சு போனால்?"

பக்கத்தில் நின்ற கோயில் தலைவர்தான் சொன்னார். "ஏன் அக்கா கரைச்சல்படுறியள்? இப்ப இந்தியாவில இருந்து ரெடிமேட்டாய் வருது. கிளி, தாமரை, கல்லு, எல்லாம் மெசினில. சொல்லுங்கோ, ஓடர் பண்ணுவம்."

இரண்டு நாளில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து திரையைச் சட்டத்தில் இருந்து அவிழ்த்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தேன். தோய்த்தால் சிவப்புக் கரைந்து, சரிகை கறுத்து, எல்லாம் போகலாம். தோய்க்காவிட்டால் அது கோயிலுக்குப் போகாது. ஆனால் எனக்கு இருக்கும். உங்கட கையால் குத்தின கடைசித் தையல், நீங்கள் நெற்றிக்குப் பூசுகிற தைலத்தின் மணத்தோடு, என்ர அலுமாரிக்குள் இருக்கும். இதில் எது சரி என்று ஆரிடம் கேட்பேன்? கேட்கிற ஆள் நீங்கள்தானே.

இரண்டு நாள் ஒரு கிழமையாய்ப் போச்சு. ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு ஏற்றப் போகிறவள், முதலில் அலுமாரியைத் திறந்து மூக்கை வைப்பேன். ஒருநாள் உங்கட தம்பி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்கு இன்னும் ஏத்தேல்லையோ?"

"ஏத்திறன்."

"மணம் இருக்கோ இன்னும்?"

அவர் வந்து தானும் ஒருக்கால் மணந்து பார்த்தார். அவருக்கும் அக்காதானே. "குறைஞ்சு போச்சு" என்றார். பிறகு, "பூட்டி வைச்சாலும் இது போகத்தான் போகுது, பூரணம்" என்றார்.

அன்றைக்கு விளக்கின் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாய் இருந்தது. அந்தத் துணி கோயில் தந்தது. என்ர கணக்கில் அது அம்மாளின் பக்கம்தான் எழுதிக் கிடக்குது. ஒரு நூல்கட்டையைத் திருப்பிக் கொடுக்கிறவள், முழுத் திரையை எடுத்து வைத்துக்கொண்டு அவவின் முகத்தைப் பார்க்கிறேன். தோய்ப்பம் என்று முடிவெடுத்தேன். போனால் அம்மாளுக்கும் எனக்கும் இல்லாமல் போகட்டும்.

"உப்புத் தண்ணியில ஊறப் போட்டால் சாயம் கொஞ்சம் பிடிக்கும். எவ்வளவு உப்பு வேணுமோ தெரியேல்லை" என்று நான் சொல்ல, உங்கட தம்பி என்னை விசர் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "உப்புத் தண்ணிக்கு யோசிக்கிறாய். உவ்வளவு கடல் என்னத்துக்குக் கிடக்குது?"

விடிய ஓட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். வலை இழுத்துக் களைத்துப்போய் இருந்தவர்கள் எங்களைக் கண்டு எழும்பிவிட்டார்கள்.

"என்னம்மா, சிவப்பு வலையோ? உதுக்கு என்ன மீன் படும்?"

"கிளிமீன்" என்றார் உங்கட தம்பி. நீங்கள் போன பிறகு அவர் விட்ட முதல் பகிடி அதுதான், மச்சாள்.

நனைந்த வெல்வெட்டு எங்கள் இரண்டு பேருக்கும் தூக்க ஏலாத பாரம். கோயில் திரை என்று கேள்விப்பட்டதும், அதில் ஒருவர் வாயில் இருந்த பீடியை எறிந்துவிட்டு, கடலில் கை கழுவிக்கொண்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தார். மற்றவர்களும் வந்தார்கள். அலை உள்ளே போகும்போது எங்களைச் சுற்றித் தண்ணி சிவப்பாய்ப் போச்சு. "போகுது, எல்லாம் போகுது" என்று கத்திவிட்டேன். "பொறுங்கோ அம்மா, அடுத்த அலைக்குப் பார்ப்பம்" என்றார் பீடிக்காரர். அடுத்த அலைக்குச் சிவப்புக் குறைந்தது. அதற்கு அடுத்த அலை வெள்ளையாய்த் திரும்பியது.

வீட்டில் நல்ல தண்ணியில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, தடியோடு கதிரையில் இருந்தேன். ஆடு மாடு போலத் தெருவில் திரிகிற எங்கட ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும்தானே. பேப்பரையும் தின்னும், வாழைப்பழத் தோலையும் தின்னும், கொம்பன் ஒன்று வந்து கிளியின் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்குது. "போ! இது அம்மாளின்ர!" என்று துரத்தினேன். காய்ந்த பிறகு பார்த்தால், வெல்வெட்டு முந்தியைவிடக் கொஞ்சம் மங்கல், குங்குமம் காய்ந்த நிறம். சரிகை தப்பிவிட்டது. கீழே வெள்ளையாய் இருந்த அடித்துணிதான் அந்தச் சிவப்பைக் குடித்து ரோசாப்பூ நிறமாய்ப் போயிருந்தது. தைல மணம் இல்லை. கடல் மணம்தான்.

இனி வால் தைக்க வேணும். உங்கட தம்பியைக் கீழே படுக்கச் சொன்னேன். ஊசியைக் குத்தினேன். வரவில்லை. "கடல் பக்கம் ஒரு நூல்" என்றேன். குறட்டைதான் வந்தது. தட்டி எழுப்பினால் முழங்கால் பிடித்துக்கொண்டு எழும்ப ஏலாமல், அரை மணித்தியாலம் அந்த மனிசனை இழுத்து எடுத்தேன். பிறகு அவரை மேலே இருத்தி, வாலைச் சோக்கால் தடிப்பாய்க் கீறிக் கொடுத்தேன். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டின கை, கோடு போட்டுக் கொடுத்தால் விலகாது.

உங்கட இடத்தில் நான் படுத்தேன்.

மச்சாள், இத்தனை காலமும் நீங்கள் அங்கே எப்படிக் கிடந்தீர்கள்? தும்பு கண்ணுக்குள் விழுகுது. யன்னல் வெளிச்சம் துணிக்குள்ளால் சிவப்பாய் இறங்குது. மேலே இருக்கிறவரின் கை ஒரு நிழலாய்த்தான் தெரியுது. எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது வேறு ஊரில் இருக்கிற மாதிரி. கண்ணீர் வந்தால் கன்னத்தில் ஓடாது, நேரே காதுக்குள் போகும். அது எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தைச் சொன்ன அன்றைக்கு உங்கட காது நனைந்ததோ?

அங்கே கிடந்துதான் உங்கட தையலைப் பார்த்தேன். முந்தி எல்லாம் தைத்து முடிந்த கையோடு நான் பின்துணி போட்டு மூடிவிடுவேன். பின்பக்கம் என்றால் முடிச்சும் குப்பையும் என்றுதான் நினைப்பு. முகத்துக்கு நேரே ஒரு சாண் உயரத்தில் பார்த்தால் அப்படி இல்லை. நூல் தாண்டித் தாண்டிப் போன பாதையெல்லாம் தெரியுது. நான் மேலே பிழை விட்ட இடத்தில் நீங்கள் கீழே இரட்டை முடிச்சுப் போட்டு என்ர பிழையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சொல்லவே இல்லையே! ரோசா நிறத்துக்கு மேலே, சாயம் ஏறாத உங்கட வெள்ளை நூல் பளிச்சென்று நிற்குது. கிளி என்று சொல்ல ஏலாது. ஆனால் ஆரோ ஒருத்தி முழு நாளும் விட்டுப் போகாமல் இருந்தது தெரியுது.

"பூரணம், ஊசி வரேல்லை" என்று மேலே இருந்து குரல் வந்தது. "வருது, பொறுங்கோ" என்றேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் கொண்டுபோய் விரித்தோம். தலைவர் நல்லாய்த்தான் இருக்குது என்றார். திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்துணி போடேல்லையே அக்கா? முடிச்செல்லாம் தெரியுது. வடிவில்லை. விடியமுதல் ஒண்டைப் போட்டுத் தாங்கோ" என்றார். பின்துணி கையில்தான் இருந்தது, ஊசியும் இருந்தது. உட்கார்ந்து ஒரு ஓரத்தைத் தையலால் பிடித்தேன்.

பிடித்தவள் நிறுத்திப்போட்டு ஐயரிடம் கேட்டேன். "ஐயா, திரை மூடி இருக்கேக்க உந்தப் பக்கத்தை ஆர் பார்க்கிறது?"

"ஆர் பார்க்கிறது? நான் நிப்பன். எனக்கு அம்பாளின்ர சாத்துப்படி அலங்காரம் செய்யவே நேரம் காணாது, திரையைப் பார்க்கிறேல்லை." பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் போனவர், ஒரு காலை வாசற்படியில் வைத்தபடி நின்றார். "உள்ளுக்க இருந்து பார்க்கிறதெண்டால் அம்பாள்தான் பார்க்கிறா."

நான் பிடித்த ஓரத்தைப் பிரித்தேன். பின்துணியை மடித்தேன். தலைவருக்கு, "இந்த முறை இப்பிடியே இருக்கட்டும் தம்பி" என்றேன். அவர் என்ர முகத்தைப் பார்த்துவிட்டு வற்புறுத்தவில்லை.

மறுநாள் சனம் நிறைந்து நின்றது. ஐயர் திரையை இழுத்து மூடினார். இரண்டு கிளியும் தாமரையும் எங்களுக்கு முன்னால் நின்றன. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "ஆர் தைச்சது? என்ன வடிவு" என்று மற்றவளிடம் மெல்லக் கேட்டாள். அவ பார்த்தது என்ர பக்கம், மச்சாள். உங்கட பக்கத்தை அப்ப ஒரே ஒருத்திதான் பார்த்துக்கொண்டு இருந்தா. தவில் அடிக்குது, மணி அடிக்குது, எல்லாரும் திரை எப்ப திறக்கும் என்று எட்டி எட்டிப் பார்க்கினம். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் சட்டம் வெறுமையாய்ச் சுவரோடு சாய்ந்து கிடக்குது. உங்கட தம்பி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார். சம்பலுக்கு உப்புக் கூட என்று சொல்ல ஆள் இல்லை. உப்புக் கூடத்தான் போட்டிருக்கிறேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இனி நான் தைக்கிற எந்தத் திரைக்கும் பின்துணி போட மாட்டேன். கையில் பலம் இருக்கும் வரைக்கும் கீழே படுக்கிறதும் நான்தான். மேலே ஆர் வந்து இருந்தாலும், அவர்கள் விடுகிற பிழையைச் சொல்லாமல் பிடித்து வைப்பேன். இது சத்தியம்.

சீலைக்கு இந்தப் பக்கத்தில் இருந்து,
உங்கட தம்பியின் பெண்சாதி,
உங்களோடு இன்னும் சண்டை பிடித்து முடியாத மச்சாள்,
பூரணம்.